தலைக்கு மேல் ஒரு வில்

பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே இன்றுவரை சௌக்கியம். நாளைக்கு என்ன ஆகுமோ என்றுதான் இந்தக் கடிதம்.

தோள் ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் தங்கையை ரப்பர் பட்டை இழுத்துப் பழகச் சொன்னார் டாக்டரம்மா. கொஞ்ச நாள் இழுத்தாள், அலுத்துவிட்டது. பக்கத்து மைதானத்தில் அம்பு விடக் கற்றுத்தருகிறார்கள் என்று போய்ப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்த வில் எதுவும் அந்தத் தோளுக்கு ஆகாது என்றார்களாம். அதோடு வீட்டுக்கு வந்து உட்காருகிற ஆளா உங்கள் தங்கை? ஒரு பலகை வாங்கிவந்து, தானே ஒரு வில் செய்கிறேன் என்று துணி துவைக்கும் அறையில் இழைப்புளியும் அரமுமாக இறங்கிவிட்டாள். என் சட்டைப் பையில்கூட மரச்சீவல். அதையும் பொறுத்துக்கொண்டேன், மச்சான். பொறுக்க முடியாதது இந்த அளவெடுப்புதான்.

பன்னிரண்டு கிலோவுக்கு மேல் அந்தத் தோள் இழுக்கக் கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. நாணை முழுசாக இழுத்தால் எத்தனை கிலோ வருகிறது என்று தெரிந்தால்தானே தொட முடியும்? உத்தரத்துக் கொக்கியில் வில்லைப் படுக்கைவாட்டில் தொங்கவிட்டாள். கீழே எடை மிஷினை வைத்தாள். முழு இழுப்பு எதுவரை என்று சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு. மிஷின்மேல் நான் ஏறி நின்று, நாணைக் கோடு வரை கீழே இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க மிஷினில் என் எடை குறையும். குறைந்தது எவ்வளவோ அதுதான் வில்லின் பலம். நீயே இழேன் என்றேன். "அளக்காம நான் எப்படிங்க இழுக்கறது? தோள் போயிடாதா?" என்றாள். ஏறினேன்.

என் எடை எண்பத்தொன்று. முதல் தடவை அறுபத்தாறு காட்டியது. நான் இளைத்த சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியவில்லை, தலைக்கு மேலே மரம் 'கிறீச்' என்றது. பதினைந்து கிலோ, ஜாஸ்தி என்று இறக்கிச் சீவினாள், மறுபடி ஏற்றினாள். அவள் சீவச் சீவ வில் மெலிகிறது. வில் மெலிய மெலிய என் உயிர் ஊசலாடுகிறது. முறிந்தால் மரச்சிம்பு என் கண்ணில்தானே பாயும்?

இன்று சாயங்காலம்தான் ஒரு காரியம் செய்தேன். அவள் குனிந்து மிஷின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோட்டைப் பார்க்க வேண்டியவன் நான். மேலே மறுபடி முனகல். கோட்டுக்கு நாலு விரல் இருக்கும்போதே "வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டேன். முள் எழுபதில் நின்றது. பதினொன்று! அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், மச்சான். நாளைக் காலை மைதானத்துக்கு எடுத்துப் போகிறாளாம். அவள் முழுசாக இழுக்கும்போது எத்தனை கிலோ வருமோ, தோள் என்ன ஆகுமோ. சொல்லலாம் என்று பக்கத்தில் போகிறேன், காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். இதை இன்று ராத்திரியே ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன்; விடிந்ததும் கிளம்பி வந்து, அண்ணன் என்கிற முறையில் ஒரு அதட்டுப் போட்டு, இந்த வில்லை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் குடும்பம் தழைக்க வேண்டும். எனக்கும் இரண்டு கண்ணும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மாப்பிள்ளை

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் மனசு கேட்கவில்லை. அவள் மாடியில் துணி எடுக்கப் போன சமயம், நானே ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு கோடு வரை இழுத்தேன். முள் அறுபத்தேழு. பார்த்த மறுகணம் படார் என்று இரண்டாக முறிந்தது. நான் தரையில். ஓடிவந்தவள் முதலில் என் கண்ணைத்தான் தடவிப் பார்த்தாள். எதற்கு மறுபடி இழுத்தீர்கள் என்றாள். நாலு விரல் விஷயத்தைச் சொன்னேன். முறிந்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பொருத்திப் பொருத்திப் பார்த்தாள். தொலைந்தால் போதும் என்றிருந்த அந்த மரத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

"முறியறதுக்கு முன்னாடி எவ்வளவு காட்டுச்சு?"

பதினாலு என்றேன்.

"அப்ப என் தோள் முறியறதுக்குப் பதிலா அது முறிஞ்சதே நல்லது" என்று சொல்லி, கையைப் பிடித்து என்னை எழுப்பினாள்.

ஆகவே மச்சான், அதட்ட வேண்டாம். வரும்போது ஒரு நல்ல பலகை கொண்டுவாருங்கள். கணு இல்லாததாகப் பார்த்து. அடியில் நிற்கப்போவது நான்.