எவரிஸ்தோ மலை சுற்றிய சனிக்கிழமை

பாலைவன நகரான டூசானில் ஜூன் மாத வெயில் பல்லியையே நிழல் தேட வைக்கும். அந்த வெயிலில்தான், ஊருக்குப் பின்னால் இருக்கும் சிகரத்தைச் சுற்றிவரும் பாதையைத் தன்னந்தனியாக நடந்து முடிக்கப்போவதாக என் கணவர் எவரிஸ்தோ அறிவித்தார்.

"சனிக்கிழமை நல்லா தூங்கி எழுந்து, முட்டை, பீன்ஸ் எல்லாம் சாப்பிட்டுட்டு, பத்து மணிக்குக் கிளம்புறேன்."

"பத்து மணிக்கா! போன வாரம்தானே ஒருத்தரை ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வந்தாங்க?"

"அவன் ஊருக்குப் புதுசு. நான் பாலைவனத்துல பொறந்தவன்டி!"

"ஏசி போட்ட ஆஸ்பத்திரியிலதானே பொறந்தீங்க?"

"ஒரு பாட்டில் தண்ணி போதும் எனக்கு."

என் மடியில் கைக்குழந்தை இனெஸ்; கூடப் போகவும் முடியாது. அழுதால் இந்த மனிதர் கேட்கமாட்டார்; கெஞ்சினால் இன்னும் மீசையை முறுக்குவார். பொய் சொல்லித் தடுக்கலாமென்றால், நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். நாக்கு எழாது. ஆகவே அம்மாவுக்குப் போன் செய்து, "நீயும் அவரோட மலைக்குப் போயேன்" என்றேன். தினமும் நடக்கிறவள், உடனே சம்மதித்தாள். இனி அது உண்மை. உண்மையைச் சொல்ல என்ன தடை?

"ஏங்க, அம்மாவும் உங்களோட வர்றாங்களாம். ஏழு மணிக்கு இங்க வந்துடுவாங்க."

அவருக்குக் காப்பி புரையேறியது. "உங்கம்மாவா? வழி முழுக்க என் தொப்பையைப் பத்தியே பேசுவாங்களே!"

"தண்ணியும் அவங்களே தூக்கிட்டு வர்றாங்களாம். உங்களால முடியாதாம்."

"என்னால முடியாதா?"

சனிக்கிழமை விடியுமுன்பே எழுந்துவிட்டார். தொப்பி, முழுக்கைச் சட்டை, முதுகுப்பை கொள்ளாமல் தண்ணீர், உப்புக்கடலை. பூனைபோல நழுவினார். நான் கண்ணை மூடிப் படுத்தபடியே மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் போன். கிசுகிசுத்த குரல்.

"உங்கம்மா இங்க பாதை ஆரம்பிக்கிற இடத்துல உக்காந்திருக்காங்கடி! நீ சொன்னியா?"

"சத்தியமா இல்லீங்க!"

அவருக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "என்னை விட்டுட்டு ஓடுவீங்கன்னு தெரியும் மாப்பிள்ளை. அதான் முன்னாடியே வந்துட்டேன். வாங்க, இடது பக்கமாப் போவோம்."

"நான்... நான் வலது பக்கமாப் போறேன் அத்தை. அதுதான் எனக்குப் பழக்கம்."

"தாராளமாப் போங்க," என்றாள் அம்மா. "சுத்துப்பாதைதானே, நடுவுல எதிர்லதான் வருவேன்."