சைக்கிள் டியூபுக்காக வாதாடிய ஏற்கெனவே அண்ணன்

இந்தப் பூவுலகில் புதிதாக ஒன்று தோன்றிவிட்டது என்று எவர் மார்தட்டினாலும், தட்டிய கை கீழே இறங்குவதற்குள் அதை மறுத்துவிடக்கூடிய ஒரே மனிதர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருந்தார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயரை வருகைப் பதிவேடு மட்டுமே அறியும். எங்களுக்கு அவர் ஏற்கெனவே அண்ணன்.

ஸ்டெல்லா அக்காவின் பட்டறையில் அவர் ஃபிட்டர். தகட்டிலிருந்து வளையம் வெட்டும் ஆறு பிரஸ் இயந்திரங்கள், ஒன்பது தொழிலாளர்கள், வெயிலை ஒரு சொட்டும் வீணாக்காமல் உள்ளே இறக்கும் தகரக் கூரை: அதுதான் பட்டறை. கல்லூரி முடித்த கையோடு, கடிதங்கள் எழுதுவதற்காக நான் அங்கே சேர்ந்திருந்தேன்.

அண்ணன் உட்கார்ந்து எவரும் பார்த்ததில்லை. நடந்தபடியே நாஷ்டா. டீ கிளாஸை வாங்கினால் அடுத்த தெரு வரை போய்த் திரும்புவார். கடைக்காரர் கிளாஸைத் தேடி ஆள் அனுப்புவார். அந்தக் கடைக்காரர் ஒருநாள் 'புதிய அறிமுகம்: இஞ்சி மிளகு டீ' என்று பலகை வைத்தார்.

“இது ஏற்கனவே கீதுப்பா. ஆரணில குட்ச்சிக்கீறேன்.”

அன்று மாலையே 'புதிய' என்ற சொல்லின் மேல் சுண்ணாம்பு ஏறியது. உடன் வேலை செய்த ஒருவர், எவர் குழந்தைக்கும் இல்லாத பெயர் என்று பெருமையாகத் தம் மகளின் பெயரை அறிவித்தபோது, “பொதட்டூர்பேட்டைல இதே பேர்ல மூணு பொண்ணுங்க கீதுங்க. ஒண்ணு என் மச்சான் பொண்ணு” என்றார் அண்ணன். நானும் தப்பவில்லை. பேச்சுப் போட்டி ஒன்றுக்காக, உணவு இடைவேளையில் “எரிமலையே எழு!” என்று முழங்கிப் பழகிக்கொண்டிருந்தேன். அண்ணன் சோற்றுக் கிண்ணத்தோடு என்னைக் கடந்து போனார்.

“நைனா, அந்த எரிமல ஏற்கனவே போன எலெக்ஷன்ல பொன்னேரில எயுந்துச்சி. மய வந்ததும் குந்திக்கிச்சி.”

இப்படிப்பட்டவர் இருந்த பட்டறைக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனம் அனுப்பியிருந்தது. வேறொரு நிறுவனம் ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டிருக்கிறதாம். 'அழுத்து இயந்திரத்தின் மிதிபலகையைத் தொடக்க நிலைக்கு மீட்டெடுக்கும் நெகிழ்திறன் மிக்க நீள்வளைய உறுப்பு.' நான் அந்தச் சொற்கட்டில் மயங்கி இருமுறை வாய்விட்டுப் படித்தேன்.

“அது இன்னா உறுப்பு? படம் கீதா?”

விண்ணப்பத்தில் இருந்த படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அண்ணன் முதன்முறையாக ஒரே இடத்தில் நின்றார்.

“டேய், இது சைக்கிள் டியூப்புடா!”

ஆம், சைக்கிள் டியூப்தான். காலால் மிதித்தால் பிரஸ் இறங்கும். காலை எடுத்தால் மிதிபலகை மேலே வரவேண்டும். ஸ்பிரிங் போட்டால் அடிக்கடி அறுந்து தெறிக்கும். ஆகவே பழைய டியூபை வெட்டி மேலேயிருந்து கட்டிவிடுவார்கள். தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகள் அனைத்திலும் அது கறுப்பாக, அழுக்காக, எவர் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இனி அது கூடாது, கட்டவில்லை என்று எழுதித் தந்தால்தான் அடுத்த ஆர்டர் என்றது கடிதம்.

ஸ்டெல்லா அக்கா பதினைந்து ஆண்டுகள் பிரஸ் மிதித்துவிட்டுப் பட்டறை தொடங்கியவர். கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“டியூப்ப அவுத்தா மிதிய காலாலயே தூக்கித் தூக்கி நம்ம பொண்ணுங்க முட்டி போயிடும். அவுக்கலன்னா பட்டறையே போயிடும். நான் இன்னாணா பண்ணுவேன்?”

“நீ பேஜாராவாத ஸ்டெல்லா. ஏற்கனவே கீறத எவன் வந்து புச்சுன்றது?”

சட்டத்தில் வழி இருந்தது. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் எவரும் ஆட்சேபிக்கலாம். அப்போது அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்பே அது வெளிப்படையாக வழக்கத்தில் இருந்ததற்குச் சான்று வேண்டும். இங்கேதான் இந்த ஏற்பாட்டின் விந்தையைக் கண்டேன். பத்துப் பேர் அறிந்ததை எவராவது எழுதிவைப்பார். பதினாயிரம் பேர் அறிந்ததை எழுதிவைக்க எவருக்குத் தோன்றும்? எல்லாருடையதாக இருந்த ஒரே குற்றத்துக்காக ஒரு பொருள் ஒருவருடையதாகிவிடுகிறது.

பட்டறைகளில் படம் எடுக்கும் நாள் ஒன்றே ஒன்றுதான்: ஆயுத பூஜை. அண்ணன் தெருத் தெருவாக, பட்டறை பட்டறையாக அலைந்து பழைய பூஜைப் படங்களைத் திரட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சாமந்தி மாலை, மணப்பெண்களைப் போல் இயந்திரங்கள். டியூபை மட்டும் எந்தப் படத்திலும் காணோம். பூஜைக்கு முந்தைய நாள் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, அழுக்கு டியூபை அவிழ்த்து மூலையில் எறிந்துவிடுவதுதான் எங்கள் பேட்டையின் பக்தி.

“ஏன்டா அவுத்தீங்க?” என்று ஒரு பட்டறை வாசலில் அண்ணன் கத்தினார்.

“சாமிக்கு முன்னால அத்த எப்டிணா காட்றது? அசிங்கமா இருக்காது?” என்றார் உள்ளே இருந்தவர்.

ஆட்சேப மனுவைத் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு மாலை, அண்ணன் ஒரு பிளாஸ்டிக் உறையை என் மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

“இத்த வெச்சிக்கோ நைனா. ஸ்டெல்லா கண்ணுல காட்டாத.”

அண்ணன் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் முத்திரையும் தேதியும் கொண்ட தாள் அது. அனுமதியின்றி மிதிபலகையில் சைக்கிள் டியூப் கட்டி இயந்திரத்தின் தோற்றத்தைக் கெடுத்த ஒழுங்கீனத்துக்காக அண்ணன் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். மற்றவர்கள் அறியும்பொருட்டு இது வெளிவாயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. தேதி, விண்ணப்பத்துக்குப் பல ஆண்டுகள் முந்தையது. “அந்தக் கம்பெனி டப்பும் வேணாம், வேலையும் வேணாம்னு நானே எறிஞ்சிட்டு வந்தேன்” என்று எங்களிடம் அவர் ஆயிரம் முறை சொல்லியிருந்தார்.

அந்தப் பலகையைப் படித்த இரண்டு பழைய தொழிலாளர்களிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். மாதங்கள் கழிந்தன. அண்ணன் ஒவ்வொரு நாளும் தபால்காரரை வழியிலேயே மறித்தார்.

விசாரணை காணொளியில் நடந்தது. ஸ்டெல்லா அக்காவின் அறையில் கணினி முன் நான். பின்னால், படத்துக்குள் வருவதும் போவதுமாக அண்ணன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இப்படியொரு அமைப்பு இதற்கு முன் எவர் சிந்தையிலும் உதித்ததில்லை என்றார். நான் கம்பீரமாகத் தொடங்கினேன். என் மூன்றாவது அடுக்குமொழியில் அதிகாரி குறுக்கிட்டு, “சான்று எங்கே?” என்றார்.

மனுவோடு இணைத்திருந்த அண்ணனின் பணிநீக்கத் தாளை அதிகாரியே எடுத்து, வரி விடாமல் உரக்கப் படித்தார். ஸ்டெல்லா அக்கா மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

“அப்படியென்றால், இதை முதலில் கண்டுபிடித்தவர் நீங்கள்தானா?” என்றார் அதிகாரி.

தலைநிமிர்ந்து 'ஆம்' என்று சொல்ல ஒரு மனிதருக்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. வேலையைப் பறித்த தாளே அவருக்குப் பட்டயமாகியிருக்கும்.

“நானா? இல்ல சார். என் மச்சான் ஊட்ல தறி மிதிக்கு ஏற்கனவே கட்டிக்கினு இருந்தாங்க. அத்தப் பாத்துத்தான் கட்னேன். அவங்க எவன்கிட்ட பாத்தாங்களோ!”

அதிகாரி குனிந்து நெடுநேரம் எழுதினார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட உத்தரவு வந்த அன்று, பட்டறையில் ஆறு பிரஸ்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டெல்லா அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏன்ணா, தொரத்திட்டாங்கன்னு சொல்லியிருந்தா நான் மட்டும் வேல குடுக்காமயா இருந்திருப்பேன்?”

“குடுத்திருப்ப. பாவம்னு குடுத்திருப்ப” என்றார் அண்ணன். சொன்ன வேகத்தில் நான்காவது இயந்திரத்தை நோக்கி நடந்துவிட்டார்.

அந்தத் தாளை அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கேடயங்கள் எல்லாம் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவற்றைச் சற்றே ஒதுக்கி, நடுவில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறேன்.