மேகமில்லாத வானமும் கவலை அண்ணனும்

அன்று பள்ளத்து உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நான் இருந்தேன், அம்மா இருந்தாள், என் தங்கச்சி செல்வி இருந்தாள். கவலை அண்ணன் மட்டும் இல்லை. நுவரெலியா மலைகளில் அவரைப்போலக் கவலைப்படத் தெரிந்தவர் இன்னும் பிறக்கவில்லை. பக்கத்து லயன் வீட்டுக்காரர், என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு, முகத்துக்கு மட்டும் அறுபது.

மழை பெய்தால் கிழங்கு அழுகும் என்பார். வெயிலடித்தால் பூச்சி வரும் என்பார். ஒரு விடியற்காலை ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு எங்கள் பாத்தியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"செடிக்கு எவ்வளவு குளிருதுன்னு தெரிய வேணாமாடா?"

உயர்தரப் பரீட்சையில் விவசாயம் படித்து 'ஏ' எடுத்தவன் நான். சிரித்தேன். ஆனால் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மாவின் சேமலாப நிதிப் பணம் முழுவதும் அந்தப் பள்ளத்து மண்ணுக்குள்தான் கிடந்தது.

தன் தங்கை கல்யாணத்துக்காக அவர் மஸ்கெலியா போயிருந்தார். இரண்டு வார மூடுபனி விலகி வானம் பளிச்சென்று திறந்தது. இளஞ்செடிகளுக்கு வெளிச்சம் படட்டும் என்று, அவர் போர்த்தி வைத்திருந்த மானாப்புல்லை எடுத்துவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது.

"மேகம் இருக்காடா?"

"ஒரு துண்டுகூட இல்லண்ணே. கண்ணாடி மாதிரி இருக்கு."

"காத்து?"

"அசையவே இல்ல."

"மேகமும் காத்தும் இல்லன்னா ராத்திரி பள்ளத்துல பனி உறைஞ்சிரும்டா. வெயில் பட்டா எல கருகிரும். புல்லப் போத்து."

"புல்ல மாடு தின்னுருச்சுண்ணே."

போன் கட்டாகிவிட்டது.

விடிவதற்கு முன்னால் தோட்டத்துக்கு ஓடினோம். இலையெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளை. அம்மா பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செல்வி அழ ஆரம்பித்தாள். அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. பட்டு வேட்டியோடு கவலை அண்ணன் இறங்கினார்.

"அழுவுறத அப்புறம் வச்சுக்கலாம். வெயில் வர்றதுக்குள்ள பனியக் கழுவணும். வாளி எங்க?"

ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் பிடித்துப் பிடித்து நால்வரும் செடி செடியாக ஊற்றினோம். விரல்கள் என்னுடையவை என்றே தெரியவில்லை. வெயில் ஏறியபோது ஓரத்து இரண்டு வரிசைதான் கருகியிருந்தது. மற்றதெல்லாம் பச்சை.

"தண்ணி கூடிப்போச்சோ?" என்றார் அண்ணன் கவலையோடு.

"ஒன்பது மணிக்கு முகூர்த்தம்ண்ணே," என்றாள் செல்வி.

முழங்கால் வரை சேற்றோடு, வந்த ஆட்டோவிலேயே மறுபடி ஏறினார். முட்டைக்கோவா நாற்றுக்குக்கூட அரைமணி நேரம் பேரம் பேசுகிற அம்மா, போக வர ஆட்டோக்காரர் கேட்ட கூலியை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தாள்: பதினெட்டாயிரம் ரூபாய்.