எடை மேடையில் மீன் விட்ட கதை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. பிழைகளை மகள் திருத்திக்கொள்வாள். ஆனால் கம்ப்யூட்டரில் மட்டும் நான் கில்லாடி. (சிரிக்காதீங்க, நெசமாத்தான்.)

சிங்காநல்லூர் தாண்டி ஓர் எடை மேடை நடத்துகிறேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். நான் வண்டி எண்ணைத் தட்டி, எண்டர், எண்டர், எண்டர் என்றால் பிரிண்டர் கத்திக்கொண்டே சீட்டைத் துப்பும். திரை முழுக்கக் கருப்பு, அதில் வெள்ளை எழுத்து. படம் கிடையாது, பூ கிடையாது, மவுஸ் கிடையாது. அது ஆங்கிலத்தில் என்ன கேட்கிறது என்று நான் ஒருநாளும் படித்ததில்லை. அது கேட்கும், நான் எண்டர் தட்டுவேன். என் கல்யாண வாழ்க்கைக்கு அடுத்தபடியாக அவ்வளவு ஒற்றுமையாக ஓடியது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் மகள் கீர்த்தனாவுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா குமாரசாமி பாக்கு வியாபாரி. ஜாதகம் பொருந்திவிட்டது. பையனின் போட்டோவைத் திருப்பித் தர மகள் தினமும் மறந்துகொண்டே இருந்தாள். மிச்சம் ஒன்றுதான். குமாரசாமி ஒரு பாக்கு லோடை எடை போடுகிற மாதிரி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார் என்று தரகர் ரகசியமாகச் சொன்னார். (எங்க பக்கம் பொண்ணப் பாக்கறதுக்கு முன்னாடி அப்பனப் பாத்துப்போடுவாங்க.)

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். கம்ப்யூட்டர்காரப் பையனின் அப்பா வந்து இந்தக் கருப்புத் திரையைப் பார்த்தால் என்ன நினைப்பார்? கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சினன் செந்திலிடம் சொன்னேன்.

"மாமா, கவலைய உடுங்க. அந்த ஆளு அசந்து போயிருவாரு," என்றான்.

மறுநாளே புதுப் பெட்டி வந்தது. திரையில் குளம். குளத்தில் கலர் மீன்கள். மவுஸை நகர்த்தினால் மீன்கள் கூடவே வந்தன. ஒரு மூலையில் கடிகாரம், இன்னொரு மூலையில் மேகம். ஒவ்வொரு ஜன்னலும் கேசரி மாதிரி ஆடிக்கொண்டே திறந்தது. நான் மெய்மறந்துபோனேன். பழைய பெட்டி மேஜைக்கு அடியில் போனது; அதன்மேல் என் மனைவி காபி பிளாஸ்க்கை வைத்தாள்.

குமாரசாமி வந்தார். டிரைவருக்குப் பக்கத்திலிருந்து இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"மீனு நல்லா இருக்குதுங்," என்றார்.

"ஆமாங்," என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் நீண்ட வாக்கியம்.

வண்டி எண்ணைத் தட்டினேன். எண்டர். எண்டர். நடுவில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்ததும், ஆங்கிலத்தில் எதையோ கேட்டதும், என் விரல் அதற்கும் சேர்த்து எண்டர் தட்டியதும் ஒரே மூச்சில் நடந்துவிட்டன. குளம் மறைந்தது. மீன்கள் மறைந்தன. திரை நீலமாகி, நடுவில் ஒரு வளையம் சாவகாசமாகச் சுற்ற ஆரம்பித்தது.

செந்திலுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அது புது அப்டேட் ஏத்திக்கட்டுமான்னு கேட்ருக்கும். எதுக்கு எண்டர் தட்டுனீங்க?"

"அது கேட்டுதுடா."

"கேட்டா தட்டீறதா?"

"இத்தன வருசமா கேட்டாத் தட்டீட்டுத்தானே இருக்கறேன்."

"அது முடியற வரைக்கும் சுச்ச அமத்தீறாதீங்க மாமா, பெட்டி போயிரும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வெளியே வரிசை நீண்டது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. மணல் லாரி டிரைவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏனுங்ணா, மீனு பொரிச்சு முடிஞ்சுதுங்ளா?" என்றார்.

எடை மட்டும் சுவரிலிருந்த எண்பலகையில் சிவப்பாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. சரி, கையாலேயே சீட்டு எழுதிவிடலாம் என்று எழுதினேன். குமாரசாமி அதை நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது நாலுங்ளா, ஒம்பதுங்ளா?"

நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. சம்பந்தம் கைநழுவிப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் மனைவி டீயோடு வந்தாள். நீலத் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து பிளாஸ்க்கை எடுத்தாள்.

"ஏனுங்க, இது என்ன செத்தா போச்சு?"

பழைய பெட்டியை மேலே தூக்கி வயர்களை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் கருப்புத் திரை வந்து, ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. கோபித்துக்கொண்டதாகவே தெரியவில்லை. அதற்குப் பிறகு என் விரல்களை நானே பார்க்கவில்லை. பாக்கு லோடு, மணல் லோடு, செங்கல் லோடு. பிரிண்டர் கத்தக் கத்த வரிசை கரைந்தது. பக்கத்தில் புதுப் பெட்டி உள்ளுக்குள் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

சீட்டு கையில் இருந்தும் குமாரசாமி போகவில்லை. கருப்புத் திரையையே உற்றுப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்பையனும் இதையேதான் வெச்சிருக்கறானுங்," என்றார் மெதுவாக. "லீவுக்கு ஊட்டுக்கு வந்தாலும் கருப்பா ஒண்ணத் தொறந்து வெச்சுட்டு எழுத்தாத் தட்டீட்டு இருப்பானுங். ஒரு படம் இருக்காது. பக்கத்தூட்டுப் பையன் பொட்டில கலர் கலரா ஓடுதுங். நம்ம பையனுக்கு ஏதோ சின்ன வேலையாட்ட இருக்குதுன்னு நானும் அவங்கம்மாவும் வெளிய சொல்லிக்கறதே இல்லீங்."

அவர் வெளியே சொல்லாமல் மறைத்ததும் நான் மேஜைக்கு அடியில் மறைத்ததும் ஒரே கருப்பு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங், இதுல வேலை நல்லா ஆவுதுங்ளா?" என்று கேட்டார்.

என் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "இதுல லோடு நிக்காதுங்."

அவர் முகம் தெளிந்தது. அடுத்த முகூர்த்தத்தில் வெற்றிலை பாக்கு மாற்றினோம். பாக்கு அதே லோடிலிருந்துதான்.

இன்றும் எடை மேடையில் கருப்புத் திரைதான். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டத் தொடங்கும்போதே மாப்பிள்ளை, "மாமா, என்னன்னு படிச்சுப் பாத்துட்டு எண்டர் தட்டுங்க" என்பார். வீடே சிரிக்கும். சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

மீன் பெட்டியும் வீண்போகவில்லை. மீனைக் காட்டினால்தான் பேத்தி சோறு வாங்குகிறாள். இன்று காலை அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது திரை நடுவில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. கீர்த்தனா அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள், பேத்தி பருப்புக் கையால் எண்டரைத் தட்டிவிட்டாள்.

"அப்படியே உங்க தாத்தனாட்ட," என்றாள் என் மனைவி.

வளையம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது முடிவதற்குள் இதை எழுதிவிட்டேன்.

ஆடிப் பதினெட்டு, மேடைக்கு விடுமுறை.