தையற்காரர் தொந்தியொடு பொருத படலம்

அளவுநாடாவையே வெற்றிமாலையாய்ச் சூடியவர், செவியிடுக்கில் சீவிய பென்சிலைச் சிறுவேலெனச் செருகியவர், கத்தரியின் ஒற்றைக் கனைப்பால் கட்டுக்கட்டான துணிகளைக் கதிகலங்கச் செய்பவர், நாற்பத்தொன்பது ஆண்டுகளாய் இந்நிலத்தையும் இருபத்தாறு ஆண்டுகளாய் ஒரே தையல் இயந்திரத்தையும் ஓயாது மிதித்துவரும் எங்கள் கடைவீதித் தையற்காரர் வாழ்க! அவர் ஊசி வாழ்க! அவ்வூசியின் காதில் ஒரே முயற்சியில் நூல் நுழைக்கும் அவர்தம் கண்ணொளி வாழ்க! இடுப்புச் சுற்றளவு ஒன்று மட்டும் இனியேனும் வளராதொழிக!

அப்பெருந்தகையின் மெய்யென்னும் கோட்டைக்குள் பகைவன் புகுந்தது பறையறைந்து அன்று. காலைத் தேநீரோடு இரண்டு பிஸ்கட்டாகவும், மாலைத் தேநீரோடு நான்கு பிஸ்கட்டாகவும், ஒற்றர்களைப்போல் உள்ளே நுழைந்து, உந்தியைச் சுற்றிப் பாடிவீடு அமைத்து, பத்தாண்டுகளில் சட்டையின் நான்காம் பொத்தானைத் தன் எல்லைக்கல்லாக்கிக் கொண்டது தொந்தி. தையற்காரரோ போரை விரும்பாத புலவர்நெஞ்சினர். ஆண்டுதோறும் தம் கால்சட்டையின் பின்தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டு, அதையே திறையாகச் செலுத்திச் சமாதானம் பேணினார். திறை செலுத்தத் தையலுக்குள் துணி தீர்ந்த பிறகும் அவர் சினங்கொள்ளவில்லை, பொத்தானை நகர்த்தினார்.

அவரைச் சினங்கொள்ள வைத்தது ஒற்றைச் சொல்.

மணநாள் நெருங்கிய இளைஞன் ஒருவன் புதுக் கால்சட்டையணிந்து நின்றான். அதன் அடிமடிப்புக்குச் சுண்ணக்கட்டியால் கோடிடத் தையற்காரர் தரையில் மண்டியிட்டார். இட்டார் கோடு, நேராக. எழ முயன்றார். தொடைக்கும் மார்புக்கும் இடையே தொந்தி மலையெனக் குறுக்கே நின்றது. மீண்டும் முயன்றார், முழங்கால்கள் இரண்டும் எண்ணெய் காணாத கதவுபோல் கிரீச்சிட்டன. மூன்றாம் முறை அவர் வாயிலிருந்து வந்த ஓசையை எழுத்தில் வடிக்க இம்மொழியில் எழுத்தில்லை. இளைஞன் இரக்கத்தோடு கைநீட்டினான்.

"பார்த்து, மெதுவா எந்திரிங்க பெரியவரே."

பெரியவரே! பத்து நாளைக்கு முன்புதான் தலைக்குச் சாயம் பூசி முடித்திருந்த ஒருவரைப் பார்த்து விடுக்கத்தக்க அம்போ அது? உள்ளே பொத்தான்துளை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சிரித்திருந்தால்கூடத் தையற்காரர் தாங்கியிருப்பார். இளைஞன் போனதும் இயந்திரத்தின்மேல் அறைந்து முழங்கினார்:

"இன்னியோட சரி! இந்த வயிறா நானான்னு ஒரு கை பாத்துடறேன்!"

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வீட்டுக்கு வர்றீங்க," என்றார் மனைவி. "முதல்ல அந்த பிஸ்கட் டப்பாவை இந்தப் பக்கம் தள்ளுங்க."

ஆனால் விளையாட்டாய் ஏற்ற வஞ்சினமன்று அது. கால்சட்டைக்கு அடிமடிப்புக் குறிக்க மண்டியிட்டே ஆகவேண்டும். மண்டியிட்டவன் எழுந்தே ஆகவேண்டும். எழமுடியாத நாள் வந்தால் சட்டை மட்டுமே தைக்கும் தையற்காரராய், அரை மனிதராய்க் கடையில் உட்கார நேரும். அந்த அச்சத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிரவு உறக்கத்தில் ஒருமுறை உதைத்தார், அவ்வளவே.

போர்ச்செய்தி பரவியதும் அமைச்சர்கள் திரண்டனர். முடிதிருத்துபவர், தொந்தியில் எண்ணெய் தேய்த்தால் உருகி ஓடும் என்றார், எம் வீரர் தேய்த்தார், எண்ணெய்தான் ஓடியது, கடையின் வெள்ளைத் துணிமேல். செருப்புக்கடைக்காரர் விடியலில் ஏழு குவளை வெந்நீர் என்றார், எம் வீரர் பருகினார், அன்று வாடிக்கையாளர்கள் வந்தபோதெல்லாம் அவர் கடையில் இல்லை. இயந்திரம் பழுதுபார்ப்பவரோ, இடுப்பில் கட்டினால் அதிர்ந்து அதிர்ந்தே கொழுப்பைக் கரைக்கும் பட்டை ஒன்றைத் தலையில் கட்டினார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டே எம் வீரர் தைத்த சட்டைகளின் தையல்கள் யாவும், மணலில் பாம்பு ஊர்ந்த தடமென வளைந்து வளைந்து சென்றன. பிறகு, மல்லாந்து படுத்து நூறுமுறை எழுவேன் எனச் சூளுரைத்துப் பன்னிரண்டாம் முறையில் கழுத்துப் பிடித்துக்கொள்ள, மூன்று நாள் இடப்பக்கம் நின்றவர்களிடம் மட்டுமே அளவெடுத்தார்.

இங்ஙனம் படைகள் யாவும் புறமுதுகிட்ட வேளையில், வெள்ளைக் கோட்டின் கையைக் குறைக்க வந்தார் உடற்பயிற்சி மருத்துவம் பார்க்கும் ஓர் அம்மையார். திருப்பிய கழுத்தோடு அளவெடுத்தவரைப் பார்த்ததுமே நடந்ததை ஊகித்துவிட்டார்.

"வயித்துக் கொழுப்பை மட்டும் தனியா பிடிச்சுக் குறைக்க முடியாதுங்க. உடம்பு மொத்தமா இளைச்சாத்தான் அதுவும் இளைக்கும். தினம் நடங்க. தட்டுல பாதி காய்கறி வைங்க. முட்டை, பருப்பு, எது ஒத்துக்குமோ அதைச் சேர்த்துக்குங்க. முக்கியமா வெயிட் தூக்குங்க. இந்த வயசுல சும்மா இருந்தா சதை போயிடும், தொப்பை மட்டும் நிக்கும்."

"வெயிட்டுக்கு எங்கங்க போறது?"

அம்மையார் கடையைச் சுற்றிக் கண்ணோட்டினார். மூலையில், மின்சாரப்பெட்டி வந்தபின் ஓய்வுபெற்ற இரண்டு கரி இஸ்திரிப்பெட்டிகள், முதுமையெய்திய யானைகள்போல் இருந்தன.

அன்று தொடங்கியது மெய்ப்போர். கைக்கொரு யானையாய் ஏந்தி, நாற்காலி விளிம்பில் அமர்ந்தும் எழுந்தும், எழுந்தும் அமர்ந்தும், முதல்நாள் ஐந்து, மறுவாரம் எட்டு எனத் தொடைகளுக்குப் போர்க்கலை பயிற்றினார். கடைக்கு நடந்து வந்தார், நடந்தே திரும்பினார். ஞாயிறுதோறும் மனைவி அவர் அளவுநாடாவாலேயே அவர் இடுப்பை அளந்தார். வீரர் மூச்சை உள்ளிழுத்துச் சிலையாய் நிற்பார். மனைவியோ அவசரமின்றி நாடாவைப் பிடித்தபடி நிற்பார். "உள்ள போன மூச்சு வெளிய வந்துதானே ஆகணும்? நான் இருக்கேன்." வெளியே வரும், நாற்பத்து நான்கு. மறுவாரம் நாற்பத்து நான்கு. பின்னர் நாற்பத்து மூன்றேமுக்கால். உறவினர் வீட்டு விருந்துக்குப் பிறகு மீண்டும் நாற்பத்து நான்கு. அன்று ஒரு யானையைத் தூக்கிக் குப்பையில் போடப் போனார். "மறுபடி தூக்கிட்டு வர நீங்கதான் போகணும்," என்றார் மனைவி. நான்கு திங்கள் கழிந்தபோது நாற்பத்து இரண்டரை. ஒன்றரை அங்குலம்! நாடுகளை இழந்த மன்னர்களும் இத்துணைச் சிறு நிலத்துக்கு இத்துணை முறை ஆண்டவனை அழைத்ததில்லை.

அப்போதுதான் வந்தது பெரும்படை. காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் நிறுவனமொன்றின் மேற்பார்வையாளர், புதுச் சீருடை அணிந்த பதினொருவரைக் கடைக்குள் அணிவகுத்து நிறுத்தி, "எல்லாருக்கும் பேண்ட் நீளம். நாளைக்குக் காலைல டியூட்டி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பதினொரு மண்டியிடல்! பதினொரு எழுச்சி!

சுண்ணக்கட்டி ஏந்திக் களம்புகுந்தார் தையற்காரர். முதலாமவனிடம் காற்றென எழுந்தார். மூன்றாமவனிடம் மூச்சென எழுந்தார். ஆறாமவனிடம் பெருமூச்சென எழுந்தார். எட்டாமவனைக் கடந்தபோது தொடைகள், ஓடும் இயந்திரத்தின் ஊசியெனத் துடித்தன. ஒன்பதாமவன் காலடியில் குனிந்தபோதோ, உலகம் முழுதும் முழங்காலுக்குள் வந்து நிறைந்தது. அவர் இடக்கை, தலைவனைக் காட்டிக்கொடுக்கும் படைத்தளபதிபோல் மேசைக்காலை நோக்கி மெல்ல ஊர்ந்தது. உள்ளே மனைவியின் இயந்திரம் சட்டென நின்றது. காவலாளிகளும் ஏதோ நடக்கிறதென்று அறிந்து எட்டிப் பார்த்தனர். ஊர்ந்த கையை இழுத்துக்கொண்டார்; சுண்ணக்கட்டியைப் பற்களில் கவ்வினார்; இரு கைகளையும் மார்பில் கட்டினார்; கட்டிய கையோடு, கண்கள் பிதுங்க, காதுகள் சிவக்க, நிலமகளின் பிடியிலிருந்து தம்மைத் தாமே பிடுங்கி நட்டு நிமிர்ந்தார்!

பத்தாமவனும் பதினொன்றாமவனும் அவ்வெழுச்சியின் எதிரொலிகளே. இயந்திரம் மீண்டும் ஓடவில்லை. மனைவி குவளையில் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க," என்றார். அச்சொல்லில் நாடா கொண்டு அளக்கமுடியாத ஏதோ இருந்தது. வாயெல்லாம் சுண்ணமாய், வியர்வை முடிசூட, எண்டிசையும் புகழ நின்ற அவ்வெற்றிவேந்தரின் திருமுன், வரிசையின் முதலில் நின்ற காவலாளி தயங்கித் தயங்கி வந்து தன் காலை நீட்டினான்.

"அண்ணே, எனக்குக் கொஞ்சம் ஏத்திக் குறிச்சுட்டீங்கபோல. கோட்டுக்கு மடிச்சு உட்கார்ந்து பாத்தேன், சாக்ஸ் தெரியுது. இன்னொரு தடவை பாக்கறீங்களா?"

தரையை நோக்கினார் வேந்தர். ஆழ்கடலினும் ஆழத்தில், பாதாளத்தினும் தொலைவில், பன்னிரண்டாம் போர்க்களமாய் விரிந்து கிடந்தது அத்தரை.

தையற்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இதுமேல ஏறி நில்லுப்பா," என்றார்.