மொட்டையனுக்கு லீவு கொடுத்த ரோஸ்டர் அண்ணை

திருகோணமலைத் துறைமுகத்தில் ரோஸ்டர் அண்ணையின் கேள்விக்குத் தப்பி உள்ளே வந்தது கடல்காற்று மட்டும்தான். அதையும் ஒரு நாள் யன்னலைத் திறந்து, ஏன் பிந்தி வருகிறாய் என்று அவர் விசாரித்ததாக ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.

கப்பல்களைத் துறைக்குள் இழுத்து வரும் டக் படகுகளில் யார் எந்த நாள் வேலைக்கு வருவது என்று எழுதுகிறவர் அவர். அதனால்தான் அந்தப் பெயர். லீவு கேட்டால் தருவார், ஆனால் சும்மா தரமாட்டார்.

"காய்ச்சல் எண்டு சொல்லுறீங்கள். ஆரிட்ட இருந்து தொத்தினது?"

"தெரியாது அண்ணை."

"உங்கட லிங்கநகர்ப் பக்கம் நுளம்பு கூடவோ? கிணத்துக்கு மூடி இருக்கோ? மூடி இல்லாட்டி ஏன் இல்லை?"

இந்த விசாரணையிலேயே காய்ச்சல் சுகமாகி, லீவு வேண்டாம் என்று திரும்பிப் போனவர்கள் பலர். எனக்கு அவரைக் கண்டால் அலர்ஜி. அவர் எதிரே வந்தால், கயிறு எடுக்கப் போகிறவன் மாதிரி ஸ்டோர் பக்கம் திரும்பிவிடுவேன்.

அந்த ஓகஸ்டில் எங்கள் ஷிஃப்டுக்கும் கிண்ணியா நசீர் நானாவின் ஷிஃப்டுக்கும் ஒரு பந்தயம். இங்கிலாந்து உதைபந்தாட்டப் பருவம் தொடங்கும் வாரம் அது. ஃபோனில் நாங்களே பதினொரு ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்க வேண்டும். அவர்கள் உண்மையான மைதானத்தில் கோல் அடித்தால் நமக்குப் புள்ளி. கப்டனாகப் போட்டவனுக்கு இரட்டைப் புள்ளி. முதல் வாரத்தில் தோற்கிற ஷிஃப்ட் செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் வேலைக்கு வர வேண்டும்.

வெல்வோம் என்ற தைரியத்தில் முதலில் கை கொடுத்தவன் நான். கொடுத்த பிறகுதான் கலண்டரைப் பார்த்தேன். மட்டக்களப்பில் தாய்வீட்டில் இருந்த என் மனைவிக்கு அந்த ஓகஸ்ட் தொடக்கத்தில்தான் மகள் பிறந்திருந்தாள். பிள்ளை பிறந்த தீட்டைக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் சடங்கு, துடக்குக் கழிவு, சரியாக செப்டம்பரின் முதல் ஞாயிறு. அன்றைக்குத் தகப்பன் இல்லாவிட்டால் மாமனார் என்னை மன்னிப்பார், மாமியார் மன்னிக்கமாட்டார், மனைவி ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவாள். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரோஸ்டர் அண்ணையின் காதுக்குப் போகும், ஏன் பந்தயம் பிடித்தேன் என்பதற்கு நான் ஒரு வாரம் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அவரே வந்து சேர்ந்தார். எங்கள் படகுத் தலைவர் செராங்கும் நாங்கள் மூவருமாக நாலு பேரும் ஃபோனுக்கு மேல் குனிந்திருந்ததைக் கண்டுவிட்டார்.

"என்ன தம்பிமார், பதினொரு பேரின்ர பேர் எழுதுறீங்கள்? ஆர் வேலைக்கு, ஆர் ஓய்வு எண்டோ? அது என்ர வேலையல்லோ?"

ரோஸ்டர் எழுதுகிற மனிதரிடம் போய், இது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்று யார் சொல்வது? அன்றிலிருந்து எங்கள் குழு அவருடைய ஃபோனுக்கு மாறியது, அவருடைய பெரிய கொப்பிக்கும் ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெரிவு என்று சொல்ல ஏலாது. அது குடும்ப விசாரணை. கோல் காப்பாளன் ஏன் மூன்று வருடத்தில் மூன்று அணி மாறினான், ஆரோடு கோபம்? பின்வரிசையில் இருவர் ஒரே ஊர்க்காரர், பக்கத்தில் பக்கத்தில் விட்டால் கதைத்துக்கொண்டு நிற்கமாட்டார்களா? கோதுமைக் கப்பலில் வந்த சமையற்காரன் இங்கிலாந்துக்காரன் என்று கேள்விப்பட்டு, கடதாசி கையெழுத்து வாங்குகிற சாட்டில் கப்பலேறிப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார்.

"என்ன அண்ணை, ஆர் நல்லா விளையாடுறானாம்?"

"அதைக் கேக்கேல்ல. அவையின்ர ஊரில மழைக்காலம் எப்ப எண்டு கேட்டனான். சொன்னா நம்பமாட்டீங்கள், வருசம் முழுக்கவாம்."

எங்கள் நம்பிக்கை முழுவதும் ஒருவன் மேல். உலகமே கப்டனாகப் போடுகிற முன்வரிசை ஆட்டக்காரன், தலையில் ஒரு மயிர் இல்லாததால் நாங்கள் மொட்டையன் என்போம். நசீர் நானாவும் அவனைத்தான் கப்டனாகப் போட்டிருந்தார். நாங்களும் போட்டால் அங்கே சமம், மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை பின்னேரம், தெரிவு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் ரோஸ்டர் அண்ணையின் கொப்பியை எட்டிப் பார்த்தேன். மொட்டையனின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'லீவு' என்று எழுதியிருந்தது. பதினொரு பேரில் அவன் இல்லை.

"அண்ணை, இதென்ன?"

"அவனுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். படம் போட்டிருக்கிறான், பாக்கேல்லையோ?"

"அவன் விளையாடுவான் அண்ணை. அவனுக்கு வீட்டில பத்து வேலைக்காரர் இருப்பினம்."

"இருக்கட்டும். தகப்பன் ஒராள்தானே?"

செராங் தலையில் கை வைத்தார். ஃபோன் ரோஸ்டர் அண்ணையின் சட்டைப் பையில் இருந்தது, நேரமும் முடிந்தது.

மொட்டையன் அன்று மூன்று கோல் அடித்தான். நசீர் நானாவுக்கு அத்தனையும் இரட்டைப் புள்ளி. எங்கள் பின்வரிசை ஊர்க்காரர் இருவரும் கதைத்துக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும், நாங்கள் தோற்றோம். திங்கள் காலை நசீர் நானா கிண்ணியாத் தயிர்ச் சட்டியோடு வந்து எல்லோருக்கும் பரிமாறினார். ரோஸ்டர் அண்ணைக்கு வருத்தமே இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான்.

"மூண்டு அடிச்சானோ? அப்ப பிள்ளையை ஆர் பாத்தது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கொப்பியோடு கடலில் தள்ளியிருப்பேன். அன்றிரவு மனைவிக்கு விஷயத்தைச் சொல்ல மூன்று தரம் ஃபோனை எடுத்து, மூன்று தரமும் பிள்ளை பால் குடித்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.

செப்டம்பர் ரோஸ்டர் சுவரில் ஏறியது. முதல் ஞாயிற்றில் செராங்கின் பெயர், மற்ற இருவரின் பெயர், பிறகு என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெயர். யாரென்று செராங்கிடம் கேட்டேன்.

"அது ரோஸ்டர் அண்ணைதான். முந்தி எங்களோட டெக்கில நிண்டவர். அலையில தலை சுத்தி ஏலாமல்தான் கதிரைக்குப் போனவர்."

ஓடிப்போய் அவர் மேசை முன் நின்றேன்.

"முப்பத்தொண்டு அண்டைக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது அண்ணை?"

"பிள்ளை பிறந்த நாள் எனக்குத் தெரியும். எண்ணவும் தெரியும். அலையை நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் வெள்ளன பஸ் எடுங்கோ."

அந்த ஞாயிறு கடல் கொஞ்சம் குழப்பம். மட்டக்களப்பில் மகள் என் மடியில் கிடக்க, இங்கே அவர் காலையிலிருந்து நாலு தரம் சத்தி எடுத்தாராம். இடையிடையே, மேலே கப்பலில் நின்று கயிறு எறிந்தவனிடம் உனக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கத்திக் கேட்டாராம். செராங் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமை நான் ஸ்டோர் பக்கம் திரும்பவில்லை. முகம் வெளிறி இருந்த அந்த மனிதருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் பெயர், ஏன் அந்தப் பெயர், ஆருடைய மூக்கு, எத்தனை மணிக்கு அழுதாள் என்று அவர் கேட்கக் கேட்க எல்லாம் சொன்னேன். அவர் கேட்க மறந்ததையும் நானே சொன்னேன்.