எருமை அறிக்கையைக் கேட்ட இன்னொருவர்

சுனாமி வீட்டுத்திட்டம்,
சாய்ந்தமருது.
20.11.2009

மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மிருகவைத்திய நூலகத்தில் நூலகராக இருந்து அருள்பாலிக்கும் மதிப்பிற்குரிய கேதீஸ்வரி அம்மணி அவர்கள் சமுகத்துக்கு,

கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மீராமுகைதீன் மிகுந்த வணக்கத்தோடும் ஸலாத்தோடும் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி நாச்சியாவும் வளவில் நிற்கும் ஒரேயொரு பசுவும் ஆண்டவன் கிருபையால் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் பராமரிப்பில் உள்ள புத்தகங்களும் குளிரில் விறைக்காமல், பூச்சி பொட்டு அண்டாமல் நலமாக இருக்கத் துஆச் செய்கிறேன்.

தாங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய போட்டோக்கொப்பி வந்து சேர்ந்தது. நேரே என் கைக்கு வந்தது என்று நினைக்கவேண்டாம். பதிவுத் தபால் என்றாலே கோர்ட்டுக் கடிதம் என்பது எங்கள் வீட்டுத்திட்டத்தில் எல்லாருடைய எண்ணமும். தபால்காரர் வந்த நேரம் நான் பள்ளிக்குத் தொழப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மைமூனா ராத்தா கையெழுத்துப் போட்டு வாங்கி, எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்துவிட்டார். மூன்று நாளாக நான் அவருடைய வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த மனிசி என்னைப் பரிதாபமாகப் பார்த்ததன் காரணம் அரிசி முடிந்த அன்றுதான் விளங்கியது. தவிட்டைத் தட்டிவிட்டு உறையைப் பிரித்தேன். "அம்பாறைக் கரையோர எருமைகளின் தொண்டைவீக்க நோய்: சில அவதானிப்புகள். டொக்டர் அ. அழகரெத்தினம், ஏ. எல். மீராமுகைதீன்." தட்டச்சு எழுத்து. "ன" எழுத்து எல்லா இடத்திலும் அரைவாசிதான் விழுந்திருக்கிறது. எங்கள் மிருகவைத்தியக் கந்தோரின் தட்டச்சு மெஷினில் அந்த எழுத்து எப்போதும் நொண்டிதான். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது அம்மணி. மைமூனா ராத்தா அதைப் பார்த்துவிட்டு, கோர்ட்டுக் கடிதம்தான் என்று முடிவுகட்டி, தன் மருமகனிடம் நல்ல வக்கீல் யாரும் உண்டா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

இந்த அறிக்கையை நான் ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லவேண்டும். இந்த மாரிக்குச் சவளக்கடைப் பக்கம் இரண்டு எருமை தொண்டை வீங்கி மூச்சிழுத்துச் செத்தது. புதிதாக வந்திருக்கும் மிருகவைத்தியர் தர்சினி மிகவும் கெட்டிக்காரப் பிள்ளை. என்னைத் தேடி வந்து, முந்தி எந்தெந்த மேய்ச்சல் தரையில் இது வந்தது என்று கேட்டாள். முதல் நாள் நான் வடக்கு வயற்கண்டம் என்றேன். மறுநாள் யோசித்துத் தெற்குக் கண்டம் என்றேன். மூன்றாம் நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் மிகவும் மரியாதையாக, "சேர், இது எங்கயாவது எழுத்தில இரிக்கா?" என்று கேட்டாள். எழுத்தில் இருந்தது. கந்தோர் அலுமாரியில், பச்சை ரெக்சின் அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்துப் பதித்து இருந்தது. சுனாமி அன்று அலுமாரியே போய்விட்டது. ஆனால் அம்மணி, அந்த அறிக்கை கடலோடு போகவில்லை. அது எங்கள் மையவாடியில், இறந்தவர்களோடு சேர்ந்து அடக்கமாகி இருக்கிறது.

பதறவேண்டாம். கடல் வற்றிய பிறகு எங்கள் பள்ளிவாசல் மோதினார் ஜவுபர் சேற்றில் கிடந்த குர்ஆன்களையும் கிதாபுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மனிதர்களையே பெயர் தெரியாமல் அடக்கிய நாட்கள் அவை. கிழிந்த வேதத்தைக் காலில் மிதிபட விடக்கூடாது, வெள்ளைத் துணியில் சுற்றி மண்ணுக்குள் வைக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். பச்சை அட்டை, தங்க எழுத்து, உள்ளே மை ஊறி ஒன்றும் வாசிக்க முடியாத தாள். மோதினார் அதைக் கிதாபு என்று எண்ணி, ஓதி, அத்தர் பூசி, மற்றவற்றோடு அடக்கிவிட்டார். நான் போய்க் கேட்டபோது, அடக்கியதைத் தோண்டுவது ஹராம் என்று சொல்லிவிட்டார். எருமையின் தொண்டையைப் பற்றிய எங்கள் அறிக்கைக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்குமோ தெரியாது. பெருநாள் தொழுகை முடிந்து கபுறடிக்குப் போகும்போது, என் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் துஆக் கேட்டுவிட்டு அந்த மூலைக்கும் ஒரு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

உங்களிடம் ஒரு பிரதி இருந்ததற்குக் காரணம் அழகரெத்தினம். அந்நாளில் எங்கள் மிருகவைத்தியர், வீரமுனைக்காரர். ஆட்கள் முன்னால் நான் அவரை டொக்டர் என்பேன், தனியே இருந்தால் அழகு. அறிக்கை முடிந்ததும் இரண்டு பிரதி கட்டச் சொன்னார். ஒன்று கந்தோருக்கு, மற்றது உங்கள் நூலகத்துக்கு. நம்முடைய எருமையைப் பற்றி வாசிக்க மலையில் எவன் காத்திருக்கிறான் என்று நான் பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. "மீரா, இஞ்ச வெள்ளம் வரும், கறையான் வரும், ஆளுக்காள் அடிபடுவாங்க. இஞ்ச ஒண்டும் தங்காது. ஒரு கொப்பி மலையில இரிக்கட்டும்" என்றார். தொண்ணூறாம் ஆண்டு தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் முகம் பார்க்கப் பயந்த நேரத்தில் அவர் திருக்கோவில் பக்கம் போனார். அங்கிருந்து வன்னிக்குப் போனார் என்றார்கள். இரண்டு கடிதம் வந்தது. மறுகா ஒன்றும் இல்லை. இந்த வருடம் சண்டை முடிந்த பிறகு அங்கிருந்து வந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். கண்டவர்களும் இல்லை, செத்ததைப் பார்த்தவர்களும் இல்லை. அவருடைய தங்கச்சி செல்லத்தங்கம் இன்னும் வீரமுனையில்தான் இருக்கிறா. முகாம்களில் இருந்து விடுபடுகிறவர்களின் பெயர்களைப் பார்க்கப் போய்வருவதே அவவுக்கு வேலையாகிவிட்டது.

இனிதான் விசயத்துக்கு வருகிறேன். அறிக்கையோடு தாங்கள் வைத்த கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இருபது வருடமாக எவரும் தொடாமல் இரும்புப் பெட்டியில் இருந்த இந்த அறிக்கையைச் சிறிது காலத்துக்கு முன் இன்னொருவரும் கேட்டுப் பெற்றார், ஆகவே இதைக் கணினியில் ஏற்றி உலகத்தில் எவரும் எடுக்கும்படி வைக்கப்போகிறோம் என்று. உங்களுக்கு அது ஒரு வரி. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கரையோர எருமையின் தொண்டையைத் தேடி இந்த உலகத்தில் வேறு யார் வரப்போகிறார்கள் மகள்? ஓம், மகள் என்று எழுதிவிட்டேன், அம்மணி என்று எழுதக் கை வருகுதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உடனே சந்தியில் உள்ள கொமியூனிகேஷன் கடைக்கு ஓடி உங்களுக்கு டெலிபோன் கோல் எடுத்தேன். பெயரைக் கேட்டேன். வாசகர் பெயரை வெளியே சொல்வது நூலகத்தில் வழக்கமில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியாக, அந்த எருமைகளின் தொண்டையில் கைவிட்டவனே நான்தான், எனக்குச் சொல்லக்கூடாதா என்று கத்தியும் விட்டேன். கடையில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற கச்சிமுகம்மது மரைக்கார் அன்று முதல் எனக்குக் கைகொடுக்கிறாரில்லை, தூரத்திலிருந்தே ஸலாம் சொல்கிறார். நீங்கள் அசையவே இல்லை. அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அப்படிப்பட்ட ஆளிடம்தான் ஒரு பொருளை நம்பிக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆனால் ஒரு உதவி செய்வதாகச் சொன்னீர்கள். கேள்வி ஒன்றை எழுதி அனுப்பினால், பெயர் சொல்லாமல் அந்த ஆளுக்கு அனுப்பி, பதிலை எனக்குச் சேர்ப்பிப்பதாக. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தில், "குருதி மாதிரி எடுக்கையில் உதவியாளருக்குச் சிறு இடையூறு ஏற்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. உதவியாளர் நான். சிறு இடையூறு என்பது பூபாலசிங்கம் போடியாரின் கொம்பன் எருமை என்னைத் துரத்தி, நான் மருத மரத்தில் ஏறி, ஏறும்போது என் சாரன் அதன் கொம்பில் மாட்டிக்கொண்டு, எருமை சாரனோடும் நான் சாரன் இல்லாமலும் பிரிந்தது. அழகு மரத்தடியில் நின்று எருமை எவ்வளவு வேகமாக ஓடியது என்று குறித்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மழைக்கோட்டைக் கழற்றித் தந்தார். நாச்சியாவிடம், மழைக்காகக் கோட்டு, சேறானதால் சாரனை எறிந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். இது எனக்கும் அழகுக்கும் எருமைக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஆகவே கேள்வி இதுதான்: சிறு இடையூறு என்ன? சரியாகப் பதில் வந்தால் அந்த ஆள் அழகுதான். எருமை லைப்ரரியில் அங்கத்துவம் எடுத்திருக்காது.

அது அவர்தான் என்று என் மனம் சொல்லிவிட்டது மகள். பதில் வரும்வரை இருக்கப் பொறுமை இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு. நாளை காலை முதல் பஸ்ஸில் வீரமுனைக்குப் போய், உன் அண்ணன் உயிரோடு இருக்கிறான் புள்ள என்று செல்லத்தங்கத்திடம் சொல்லப்போகிறேன். தர்சினி டொக்டரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். அறிக்கையில் இருந்த இடங்கள் கிழக்குக் கண்டமாம். நான் சொன்ன இரண்டும் இல்லை. அங்கே நின்ற மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டாயிற்று, பிறகு ஒன்றும் சாகவில்லை.

தங்கள் கையால் புரளும் ஒவ்வொரு தாளுக்கும் ஆண்டவன் நன்மை எழுதுவானாக. தங்கள் பிள்ளைகள் கல்வியிலும் சுகத்திலும் குறைவின்றி வளர்வார்களாக. நாச்சியாவும் ஸலாம் சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
ஏ. எல். மீராமுகைதீன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி அடுப்படிக்குப் போனேன். நாளைக்கு வெள்ளைச் சாரனை எடுத்துவை, வீரமுனைக்குப் போகவேணும் என்று நாச்சியாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டா. சொன்னேன். கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு அவ நிலத்தில் குந்திவிட்டா.

"இஞ்சாருங்க, அங்க போகாதீங்க. அந்தப் புள்ளைக்கிட்ட ஒண்டும் சொல்லிராதீங்க. கேட்டது நான்."

பிறகு அலுமாரியைத் திறந்து, பெருநாள் சேலைக்குக் கீழே இருந்து ஒரு பார்சலை எடுத்தா. பச்சை அட்டை, தங்க எழுத்து. அவவுடைய தங்கச்சி மகள் ஆகிலா ஒலுவில் கம்பஸ் லைப்ரரியில் வேலை செய்கிறாள். அவள் தன் நூலகத்தின் மூலம் உங்களிடம் கேட்டு வாங்கி, அட்டை கட்டிக் கொடுத்திருக்கிறாள். சுனாமிக்குப் பிறகு நான் மையவாடியில் அந்த மூலையில் போய் நிற்பதை நாச்சியா இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறா. பெருநாளன்று காலையில் என் கையில் தர வைத்திருந்தாவாம். நான் இன்னொருவர் இன்னொருவர் என்று குதிக்கும்போது, பெருநாள் மட்டும் பொறுப்போம் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறா.

சிறு இடையூறு என்னவென்றும் அவவுக்குத் தெரியும். இத்தனை காலமும் தெரியுமாம். "அழகு டொக்டர்தான் அந்தச் சாரனை மறுநாள் பேப்பரில சுத்திக் கொண்டுவந்து தந்தவர். அவருக்கு வெக்கமா இரிக்கும், நான் தந்தனெண்டு சொல்லிராதீங்க எண்டவர்." அவ துவைத்து மடித்து வைத்தா, நான் அது வேறொன்று என்று எண்ணி அதையே கட்டிக்கொண்டு திரிந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது. அதற்குப் பிறகு அழுதேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஆகவே மேலே எழுதிய கேள்வியை யாருக்கும் அனுப்பவேண்டாம். நான் வீரமுனைக்குப் போகவில்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டு வெறும் நன்றி மட்டும் எழுதலாமா என்று யோசித்தேன். ஒரு காரணத்துக்காகக் கிழிக்கவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே இருக்கும் விலாசம் கடற்கரை வீதி. அந்த வீடும் இல்லை, வீதியும் இல்லை. யாராவது அதை வைத்துக்கொண்டு தேடி வந்தால் கடலில்தான் போய் முடிவார். கணினியில் ஏற்றும்போது இந்தக் கடிதத்தின் தலைப்பில் உள்ள விலாசத்தைப் போட்டுவிடுங்கள் மகள்.

மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டால் பெயர் சொல்லவேண்டாம். கேட்டார் என்று மட்டும் ஒரு தபாலட்டை போடுங்கள்.